டிஸ்க் நூறு, மெமரி ஐம்பத்திரண்டு

பாபநாசத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் லேப்டாப்பைச் சரிசெய்ய வருவதில்லை, திட்டுவதற்கு வருகிறார்கள். மேசைமேல் வைக்கும்போதே அர்ச்சனை தொடங்கிவிடும். "சனியன் நகர மாட்டேங்குது." "மூதேவி, ஒரு பைலைத் தொறக்குறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்." நான் குறுக்கே பேசுவதில்லை. திறந்து பார்ப்பேன். பிறகு ஒரே ஒரு விளக்கம் சொல்வேன். கடை தொடங்கிய நாளிலிருந்து அதே விளக்கம்தான்.

"டிஸ்க்குங்கிறது குதிரு. ராம்ங்கிறது களம். குதிர்லேருந்து நெல்லை அள்ளிக் களத்துல கொட்டினாத்தான் வேலை நடக்கும். களம் சின்னதா இருந்தா ராமைப் போடுங்க. களம் பாதி காலியாக் கெடக்கு, அள்ளிக் கொட்டுற ஆளுதான் கெழவன்னா, களத்தை அகலமாக்கி என்ன புண்ணியம்? பழைய டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்க. வாலிபப் பய, ஒரே மூச்சுல அள்ளிப் போடுவான்."

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். நாலு தலைமுறையாக நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் களத்தில் நெல் அள்ளிக் கொட்டிய கோவிந்தராசுவின் மகன்தான் இதைச் சொல்கிறான் என்று தெரிந்தே கேட்டார்கள். கர்வம் வராமல் என்ன செய்யும்?

அந்த விளக்கத்தை ஒரே ஒருத்தியிடம் தலைகீழாகச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

சாஜிதா கடைக்கு வந்தது 2019 ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவன் சித்தீக்குக்கு ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். அப்போது "டா" போட்டுப் பேசியவன்தான். அவன் விமானம் ஏறிய பிறகு என் வாயில் அந்த "டா" தானாக உதிர்ந்து, சித்தீக் "பாய்" ஆகிவிட்டான். அவன் மட்டும் என்னை "டா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சாஜிதாவோடு மாமியார் ஜன்னத் பீவியும் வந்திருந்தார். லேப்டாப், பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மூடியில் முத்திரை பாதி தேய்ந்திருந்தது. அதை வைத்தே கம்ப்யூட்டர் பட்டப்படிப்பையும் முடித்திருந்தாள். அவள் அதைத் திட்டவில்லை. துப்பட்டா நுனியால் மூடியைத் துடைத்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, சனிக்கிழமை எனக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. ஆன்லைன்ல ரெண்டு மணி நேரம். நடுவுல நின்னு போச்சுன்னா மறுபடி உள்ள விடமாட்டாங்க. அதுக்குள்ள இதைக் கொஞ்சம் வேகமாக்கணும்."

ஆங்கிலப் புத்தகங்களை அச்சுக்கு அனுப்புமுன் பிழை பார்க்கிற வேலை. சென்னைக் கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாம். நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியதில் இரண்டு சுற்று தாண்டி வந்திருந்தாள். சனிக்கிழமை கடைசிச் சுற்று.

"கண்ணு சொருவுற வரைக்கும் படிக்கிறா தம்பி" என்றார் ஜன்னத் பீவி. "பத்துப் பேரு முன்னாடி போயா நிக்கப்போறா? கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து பாக்குற வேலை. எம் மவன் ஒத்த ஆளா எத்தனை நாளைக்கு அங்க கெடந்து வேவுறது? நல்லாப் பாத்துக் குடுங்க."

மாமியார் என்றால் தேளும் பாம்பும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். இந்த அம்மாள் மருமகளைவிட அவசரமாக இருந்தார்.

சாஜிதா பையிலிருந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஐந்து நாள், நாளுக்கு மூன்று வேளை, லேப்டாப்பில் எது எது நூற்றுக்கு எத்தனை பங்கு ஓடுகிறது என்று எழுதி வைத்திருந்தாள். "வியாழன் காலை பத்து. டிஸ்க் 100, மெமரி 52. வியாழன் மதியம் இரண்டு. டிஸ்க் 100, மெமரி 55. வெள்ளி காலை. டிஸ்க் 100, மெமரி 51." ஒவ்வொரு வரிக்கும் எதிரில், அப்போது எத்தனை நிமிஷம் நின்றது என்றும் இருந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. என் கடைக்கு வியாதியை இப்படி எழுதிக்கொண்டு வந்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மெமரி எப்பவும் பாதிதாண்ணே ஆவுது. டிஸ்க்குதான் மூச்சு முட்டி நிக்கிது. எஸ்.எஸ்.டி. போட்டாச் சரியாயிரும்னு நெனைக்கிறேன். நெட்ல பாத்ததுதான். கேட்டுத் தெரிஞ்சுக்க யாருமில்ல. நீங்க சரின்னு சொன்னாப் போட்டுறலாம்."

சரி. நூற்றுக்கு நூறு சரி. என் வாயில் அந்தச் சொல் வந்து நின்றுவிட்டது. எஸ்.எஸ்.டி. பெட்டி என் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ராம் அட்டையும் அதே அலமாரியில் இருந்தது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. கையை நீட்டி எதை எடுப்பது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதிலையும் அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"இரு புள்ள, அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார் ஜன்னத் பீவி.

எங்கள் பக்கத்துக் கடைகளில் இது வழக்கம். பீரோ வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும், கடைக்குள் நிற்கிற பெண்கள் பார்ப்பார்கள், தொடுவார்கள், பிடித்துப்போகும். பிறகு போனைப் போடுவார்கள். துபாயிலோ குவைத்திலோ இருக்கிற ஆண், திரையில் பொருளைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர்ட்ட குடு" என்பான். போன் கைமாறும். அப்புறம் பேச்சு எங்களுக்குள்தான். எடுக்கிறவள் எதிரே நிற்பாள், தீர்மானம் போனிலிருந்து வரும். பில்லில்கூட அவன் நம்பரைத்தான் எழுதுவோம். இது தப்பென்று எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை.

ஜன்னத் பீவி போனை என்னிடம் கொடுத்தார். திரையில் சித்தீக். பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"எப்படிடா இருக்கே பகலவா? கொஞ்சம் அந்தாண்ட வாயேன்."

திரைச்சீலைக்குப் பின்னால், செத்துப்போன மானிட்டர்களுக்கு நடுவே போய் நின்றேன்.

"என்னடா சொல்றா?"

"டிஸ்க்கை மாத்தணும் பாய். அவங்களே கரெக்டாக் கண்டுபிடிச்சிருக்காங்க. போட்டா நல்லா ஓடும். டெஸ்ட்டு தாராளமாப் பண்ணலாம்."

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"ரொம்ப ஓட வேணாம்டா" என்றான். "புரியுதா? ஏதோ ஒண்ணு போட்ட மாதிரி இருக்கட்டும். வேணாம்னு நான் நேரா சொன்னா அழுவா. எங்கம்மா வேற அவ பக்கம். அவ சம்பாரிச்சா ஊர்ல என்ன பேசுவாங்க? சித்தீக்குக்கு அங்க வருமானம் போதலைன்னுதானே? மிஷின் சரியில்லன்னு அவளே விட்டுட்டான்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

திரைச்சீலை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"உன் விஷயத்தையும் சொல்லி வச்சிருக்கேன்டா. எங்க கம்பெனிலயே கம்ப்யூட்டர் பாக்க ஒரு ஆள் வேணுங்கிறாங்க. மேனேஜர் நம்ம சொன்னா கேக்குற ஆளு. பாஸ்போர்ட் காப்பி அனுப்பி வையி."

எங்கள் தெருவில் விசா வராத ஆண் என்றால், அவன் உடம்பில் ஏதோ குறை இருப்பதுபோலப் பார்ப்பார்கள். என்னோடு டிப்ளமோ படித்தவர்களில் உள்ளூரில் மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தான். ஆறு வருஷம் பாஸ்போர்ட்டைத் துணி பீரோவில், பாச்சை உருண்டை போட்டுப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் நான் ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சாக்கு என்று எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டாமென்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இது தப்பும்மா. நீங்க தப்பாப் படிச்சிருக்கீங்க."

"எதுண்ணே?"

"டிஸ்க் நூறுன்னா அது முழு மூச்சா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுல கோளாறு இல்ல. மெமரிதான் பாதிக்கு மேல போயிருக்கே, அதான் இழுக்குது. களம் சின்னதா இருக்கு. ராம் போட்டா சரியாப்போயிரும்."

"இல்லண்ணே, நெட்ல பாத்தேனே, நூறு காட்டினா..."

"நெட்ல ஆயிரம் போடுவான். பத்து வருஷமா இதே வேலையாக் கெடக்குறவன் சொல்றேன்."

அவள் தாளைத் திரும்ப வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை படித்தாள். எங்கே தப்பு என்று தேடினாள். பிழை கண்டுபிடிக்கிற வேலைக்குப் போகவிருந்தவள், பிழையே இல்லாத தாளில் தன் பிழையைத் தேடினாள். பிறகு மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததாண்ணே. போட்டுருங்க" என்றாள்.

நாலு ஜி.பி. ராம் அட்டையைக் கூடுதலாகப் போட்டேன். புதுப் பொருள் போட்ட மயக்கத்தில் முதல் பத்து நிமிஷம் எந்த மிஷினும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தைக் காட்டித்தான் அனுப்பினேன். "நல்லா இருப்பீங்க தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனார் ஜன்னத் பீவி. மேசையில் கிடந்த தாளைக் குப்பைக் கூடையில் போடக் கை வரவில்லை. டிராயரில் ஸ்குரூ டப்பாக்களுக்கு அடியில் செருகினேன்.

சனிக்கிழமைக்கு மூன்று முழு நாள் இருந்தது. வியாழக்கிழமை மனசு அரித்தது. கூப்பிட்டு, "எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்று சொல்லிவிடலாமா என்று பில் புத்தகத்தைப் புரட்டினேன். பில்லில் இருந்தது ஷார்ஜா நம்பர். அவள் நம்பர் என்னிடம் இல்லை. ராஜகிரி என்ன, சீமையிலா இருக்கிறது? சைக்கிளில் மிதித்தால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை நான் மிதிக்கவில்லை. அன்று மாலை பாஸ்போர்ட் காப்பியையும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவையும் சித்தீக்குக்கு அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை மாமியாரும் மருமகளும் மறுபடி வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாற்பதாவது நிமிஷத்தில் திரை அப்படியே நின்றுவிட்டதாம். மவுஸை நகர்த்தினால் அம்பு நகரவில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் தொடர்பு அறுந்தால் தேர்வு தானாக மூடிவிடும் என்பது விதி. நின்ற திரைக்கு முன்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று நிமிஷமும் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி ஒரு வாய்ப்புக் கேட்டு மெயில் போட்டதற்கு, முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது.

"ராம்ல ஏதும் கோளாறான்னு பாத்துருங்கண்ணே" என்றாள். "இல்ல, என் மேலதான் தப்புன்னு நெனைக்கிறேன். ரெண்டு மூணு விண்டோவைச் சேத்துத் தொறந்து வச்சிட்டேன் போல. எனக்கு இதெல்லாம் சரியாத் தெரியல. மூணு வருஷம் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்னு தெரியல."

"அவனுக்குப் போன் போட்டு அழுதா தம்பி" என்றார் ஜன்னத் பீவி. "'விடு சாஜி, உனக்கு இதெல்லாம் வராது, நிம்மதியா இரு'ன்னுட்டான். அவளைப் பெத்த அத்தாவும் அதையேதான் சொல்றாரு. நானுந்தான் பின்ன என்னத்தைச் சொல்றது? வராதது வராதுதானே."

நான் ராமைக் கழற்றி, துடைத்து, அதே இடத்தில் மறுபடி மாட்டினேன். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன். அது உண்மைதான். அந்த ராமில் ஒரு குறையும் இல்லை.

விசா வரவில்லை. மேனேஜர் லீவில் இருக்கிறார். மேனேஜர் வந்துவிட்டார், கோட்டா முடிந்துவிட்டது. பக்ரீத் முடியட்டும். வருஷம் பிறக்கட்டும். இலவு காத்த கிளியாக நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா காத்தாயிக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. "கேவுருல நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்கடா போச்சு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டுப் போனாள். சோற்றில் கை வைத்திருந்த நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் அவள்மேல் வரவில்லை. அந்தத் திங்கட்கிழமை சாஜிதா, "எனக்குச் சரியாத் தெரியல" என்று சொன்னது காதுக்குள்ளேயே கிடந்தது.

பிறகு கொரோனா வந்தது. கடை மூடி, திறந்து, மறுபடி மூடி, திறந்தது. ஷார்ஜாவில் சித்தீக்கின் கம்பெனி பாதி ஆட்களை அனுப்பிவிட்டது. அவன் ஊர் வந்து சேர்ந்ததும் அரசல்புரசலாகத்தான் எனக்குத் தெரியும். போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. எனக்கு அவனிடம் வாங்குவதற்கு இனி ஒன்றும் இல்லை.

2020 நவம்பரில் ஒரு மழை நாளில் அவனே வந்தான். தலையில் முன்னுச்சி காலியாகியிருந்தது. தோளில் லேப்டாப் பை. பின்னால் சாஜிதா. மாமியார் வரவில்லை.

"எப்படிடா இருக்கே பகலவா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதைக் கொஞ்சம் பறக்கவிட்டுக் குடுடா. என்ன போடணுமோ போடு. அதே கம்பெனி மறுபடி ஆள் எடுக்குதாம். இப்ப ஊரு ஒலகமே வீட்டுலேருந்துதானே வேலை பாக்குது. யாரும் ஒண்ணும் பேசப்போறதில்ல. இவதான் மாட்டேங்குறா."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்றாள் சாஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. தன் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வரும்கிறேன்ல. நீ சொல்லுடா இவகிட்ட. ஒன்றரை வருஷமா பீரோவுக்குள்ள போட்டு வச்சிருக்கா, தொட மாட்டேங்குறா."

லேப்டாப்பை இயக்கினேன். அது முக்கி முனகி எழுந்தது. டிஸ்க் 100. மெமரி 28. நான் அகலப்படுத்திக் கொடுத்த களம் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.

"டிஸ்க்கை மாத்தணும்" என்று சித்தீக்கைப் பார்த்துச் சொன்னேன்.

அதுவரை வாசலில் பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்த சாஜிதா திரும்பினாள்.

"டிஸ்க்கையா? நூறுன்னா அது நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னீங்களே அண்ணே."

சித்தீக் கெட்டிக்காரன். நொடியில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்தான். "அது அப்ப நல்லா இருந்திருக்கும். இப்பக் கெட்டுப்போயிருக்கும். ஒன்றரை வருஷம் சும்மா கெடந்துச்சுல்ல. அப்படித்தானேடா பகலவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்திருப்போம். அவள் தேர்வையும் எழுதியிருப்பாள். எழுதித் தேறினாலும், முதல் தடவை தன் தப்பால்தான் போனது என்று சாகும்வரை நம்பியிருப்பாள். நான் டிராயரைத் திறந்து, ஸ்குரூ டப்பாக்களைத் தள்ளி, அந்தத் தாளை எடுத்து விரித்துவைத்தேன். மடிப்பில் துரு படிந்திருந்தது.

"இல்ல. அன்னைக்கும் இதேதான் கோளாறு" என்றேன். "நீங்க பாத்தது சரிம்மா. இதுல ஒரு வரி தப்பில்ல."

அவள் தாளைத் தொடவில்லை. குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நான் சித்தீக்கைப் பார்த்தேன். அவன் மழையைப் பார்த்தான். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா."

"சாஜி, அப்ப நெலமை வேறடி" என்று சித்தீக் எழுந்தான். "உன் நல்லதுக்குத்தான்... பழசைக் கெளறி என்ன ஆவப்போவுது? வீட்டுல போய்ப் பேசிக்குவோம், வா."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் சமாளித்திருப்பான். தாளைப் பின்பக்கம் திருப்பி, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் காட்டினாள்.

"எழுதுங்கண்ணே."

"என்னத்தை?"

"இப்பச் சொன்னதை. மாமி படிக்கணும். எங்க அத்தா படிக்கணும். நான் ஏன் தோத்தேன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லி வச்சிருக்காங்க. நானும் அதையே நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். எழுதுங்க. சொல்லச் சொன்னவங்க பேரையும் எழுதுங்க."

எழுதினேன். லேப்டாப்பின் டிஸ்க்தான் பழுது என்று சாஜிதா சரியாகக் கண்டுபிடித்து வந்ததையும், தேர்வுக்கு முன் மாற்றியிருந்தால் நின்றிருக்காது என்பதையும் எழுதினேன். சித்தீக் என்ற பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிவிட்டேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் இன்னும் ஷார்ஜாவில் இருந்து, என் பாஸ்போர்ட் காப்பி இன்னும் எந்த மேனேஜர் மேசையிலோ கிடந்திருந்தால், அந்தப் பெயரை எழுதியிருக்கமாட்டேன். தாளையே எடுத்திருக்கமாட்டேன். இது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில், வலது ஓரத்தில், பகலவன் என்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கி இரண்டுமுறை படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பிறகு தாளை என் பக்கம் திருப்பிவைத்தாள்.

"உங்க பேரு கடைசியில இருக்குண்ணே. மொதல்ல போடுங்க."

"என்னம்மா?"

"அவங்க கடல் தாண்டி இருந்துக்கிட்டு போன்லதான் சொன்னாங்க. எதிர நின்னு, என் தாளைக் கையில வச்சுக்கிட்டு, தப்பாப் படிச்சிருக்கேன்னு எங்கிட்டச் சொன்னது நீங்க. அவங்களை நம்பியா நான் வந்தேன்? உங்களை நம்பித்தான் வந்தேன்."

வெளியே மினி பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. சித்தீக் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். நான் எழுதியதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே, "பகலவன் ஆகிய நான்" என்று தொடங்கி முழுவதையும் திரும்ப எழுதினேன். என்னத்தை மறைக்க, முதல் வரியை எழுதும்போது கண் கலங்கியது. அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். லேப்டாப்பை மூடினாள். சித்தீக்கிடம் கையை நீட்டி, "பையைக் குடுங்க" என்றாள். அவன் கொடுத்தான்.

"உக்காருங்கம்மா" என்றேன். அவசரமாக அலமாரியிலிருந்து எஸ்.எஸ்.டி. பெட்டியை எடுத்துவிட்டேன். "இருந்து வாங்கிட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம். நானே போட்டுத் தர்றேன்."

"வேணாம்ணே. கும்பகோணத்துல போட்டுக்கிறேன்."

"யாருட்டயும் ஏமாந்துறாதீங்க. ராம் இனிமே தேவையே இல்ல. இருநூத்தம்பத்தாறு ஜி.பி. போட்டாப் போதும். பழைய டிஸ்க்குல இருக்கறதை மொதல்ல காப்பி எடுத்துக்கிட்டு, கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி வயரை..."

படியில் நின்று குடையை விரித்தாள். கணவனுக்காகக் காத்திருக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.